படம் இல்லாத நாற்பது நிமிடம்

கூத்தாநல்லூரில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியை
வாடகைக்கு எடுத்து வரைகிறார் ஜைத்தூன்.
ஐந்து நாளாக அவர் வரையவில்லை.
மின்வாரிய ஆபீஸ் போய் வரிசையில் நின்றார்.
மகனின் டிசி விஷயமாக யாரிடமோ போனில் சத்தம் போட்டார்.
எட்டடித் துணியைச் சுவரோடு சாய்த்துவிட்டு
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து
வெள்ளரிப்பிஞ்சு தின்றார்.
எல்லாவற்றையும் எடுத்தோம்.
கார்டு நிறைந்தது. காலி செய்தோம். நிறைந்தது.

முதல் கோடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.
பதினாறு வருடமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.
எல்லாரும் சற்று மேலே பார்த்து
கண்ணைச் சுருக்கி
நான் எதிர்பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.
இவர் கீழே பார்த்தார்.
"இந்த ஸ்டூலை யார் நகர்த்தினது?"

இளம்பரிதி. ஒளிக்காக.
மூன்று விரற்கடை.

ஆறாம் நாள் தண்ணீர் வந்தது.
மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்து
வெண்ணாற்றிலிருந்து பிரிந்து
கம்பெனிக்குப் பின்னால் வாய்க்காலில்
தவழும் பிள்ளையின் வேகத்தில்,
நுரையும் ஒற்றைச் செருப்பும் தெர்மாகோலும் தள்ளிக்கொண்டு.
ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கிக் காணாமல் போனது.
அவ்வளவுதானோ என்று நினைக்கையில்
ஒரு நண்டு வளை கொப்புளித்தது; நகர்ந்தது.
எனக்குப் புல்லரித்தது. கிடைத்துவிட்டது,
இதுதான் படத்தின் முதல் காட்சி.
கேமராவை மண்ணிலேயே படுக்க வைத்தோம்.
பின்னால் வந்து நின்றவர் சொன்னார்:
"அந்தத் தண்ணியை எம்மேல ஒட்டிராதீங்க.
பாக்குறவன் எல்லாம் அதைத்தான் ஒட்டுவான்.
தண்ணிக்குப் பள்ளம் தெரியும்.
எனக்கு என்ன தெரியும்?"

எட்டாம் நாள் அவர் என்னைக் கேட்டார்,
ஒரு காட்சியை எங்கே வெட்டணும்னு
எப்படித் தெரியும்?
இருபது நிமிடம் பேசினேன்.
தாளம், மூச்சு, கண்ணிமை என்றெல்லாம்.
தலையாட்டிக்கொண்டே இருந்தார்.
பாதியில் அடையாளம் கண்டேன்,
அது என் தலையாட்டல்.
பயன்படும் அரை வாக்கியத்துக்காகப்
பொறுமையாகக் காத்திருக்கும் தலையாட்டல்.
அவருக்கு அது கிடைத்ததாகத் தெரியவில்லை.

பதினோராம் நாள் இரவு கரண்ட் போனது.
நாங்கள் லெட்சுமாங்குடியில் புரோட்டாவுக்குக் காத்திருந்தோம்.
பெஞ்சமின் தன் ஒலிக்கருவியை
ஜன்னலில் மறந்துவிட்டு வந்திருந்தான்,
சிவப்பு விளக்கு எரிய.
விடிந்து போனால்
துணியில் ஒரு ஊதா நின்றது,
ஆள் உயரம், இன்னும் ஈரமாக.
சுரண்டிய இடங்களில் அடியிலிருந்த மஞ்சள்
எலும்பு போலத் தெரிந்தது.

மன்னார்குடி லாட்ஜில் ஒலியைக் கேட்டேன்.
இருட்டில் செருப்பு. தவளை. ஒரு "சே".
அப்புறம் சர், சர்ரென்று தூரிகை,
நீண்டு, குறுகி, வெறி பிடித்து.
நாற்பது நிமிடமும் கறுப்புத் திரை போதும்,
இந்த ஒலி மட்டும் ஓடட்டும் என்று வைத்தேன்.
தயாரிப்பாளர் போன் செய்தார்:
"ஃபைல் கெட்டுப்போச்சா?"
இல்லை சார், இதுதான் படம்.

அனுமதி கேட்கப் போனேன்.
ஹெட்போனை முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் கேட்டார்.
"இது தரை தேய்ச்சது தம்பி. பினாயில் ஊத்தி."
"அப்ப, வரைஞ்சது?"
பின்னால் ஓட்டினார். முன்னால் ஓட்டினார்.
தவளையைத் தாண்டி, சே-யைத் தாண்டி,
ஏழு நிமிடம் எதுவுமே இல்லாத ஓரிடத்தில்
உதட்டைக் கடித்துக்கொண்டு,
"இங்கயா..."
பிறகு "இல்ல" என்று
மறுபடியும் முதலிலிருந்து.

டீ ஆடை கட்டிவிட்டது.
பெஞ்சமின் வண்டியைக் கிளப்பிவிட்டு அணைத்தான்,
நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிடுவான் என்று முனகினான்.
ஜைத்தூன் கண்ணைத் திறக்காமல்
ஒரு கையை மட்டும் தூக்கி
எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.